பலகை முழுக்கப் பச்சை, என் கணக்கு மட்டும் வெளிர் பச்சை: ஒரு வியட்நாம் ஃபண்டில் நான்கு வருடம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2025-ல் வியட்நாமின் முக்கியப் பங்குச்சந்தைக் குறியீடான விஎன் இன்டெக்ஸ் 40 சதவீதத்துக்கு மேல் ஏறி, 1,780-ஐத் தாண்டி வருடத்தை முடித்தது. அதே வருடம் என் ஃபண்ட் கொடுத்தது 13 சதவீதம். இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தைப் பற்றித்தான் இங்கே எழுதப்போகிறேன். ஏனென்றால் 'நீ அங்கேதானே இருக்கே, எந்த ஃபண்ட்ல போடலாம்' என்று கேட்காத சொந்தக்காரர் இப்போது யாரும் பாக்கி இல்லை. ஃபண்ட் பெயரைச் சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள். சைகோனில் ஒரு உள்நாட்டு நிர்வாகக் கம்பெனி நடத்துகிற ஓப்பன் எண்ட் பங்கு ஃபண்ட் (யூனிட்டை ஃபண்டிடமே வாங்கி, ஃபண்டிடமே திருப்பி விற்கிற வகை), அவ்வளவு போதும். இந்த வகையில் நாலைந்து ஃபண்டுகளின் மாத அறிக்கையை எடுத்துப் பார்த்தால் முதல் பத்துப் பங்குகளில் பாதிக்கு மேல் ஒரே மாதிரிதான் இருக்கும், அதனால் இங்கே சொல்வது மற்றதற்கும் ஓரளவு பொருந்தும்.

வேலைக்காக இந்த ஊருக்கு வந்தவன் நான். 2021-ல் ஜூலையிலிருந்து செப்டம்பர் கடைசிவரை ஹோ சி மின் நகரத்தில், அதாவது சைகோனில், யாரும் வாசலைத் தாண்ட முடியாத ஊரடங்கு. வீட்டில் அடைந்து கிடந்த ஊரே மொபைலில் பங்கு வாங்க ஆரம்பித்தது. அந்த ஒரு வருடத்தில் மட்டும் சுமார் 15 லட்சம் புதுக் கணக்குகள். புதிதாக வந்தவர்களுக்கு ஒரு பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள், 'எஃப் ஸீரோ' என்று. கொரோனா நோயாளியை எஃப் ஸீரோ, அவரைத் தொட்டவரை எஃப் ஒன் என்று அரசாங்கம் எண் போட்டுக்கொண்டிருந்த காலம் அது, அதை அப்படியே சந்தைக்குத் தூக்கிவந்துவிட்டார்கள். இந்த ஊர்க்காரர்களின் நக்கலுக்கு முன்னால் நாமெல்லாம் ஒன்றுமே இல்லை.

அக்டோபரில் ஆபீஸ் திறந்ததும் கணக்குப் பிரிவில் இருக்கிற ஒரு பெண், என்னை 'ஆன்' என்று கூப்பிடுவாள், இங்கே அண்ணன் என்று அர்த்தம், வந்து தன் மொபைலைக் காட்டினாள். இந்த ஊர்ப் பங்குப் பலகையைப் பார்த்திருக்கிறீர்களா? சிவப்பு, பச்சை மட்டும் கிடையாது. விலை மாறாமல் நின்றால் மஞ்சள். அன்றைக்கு அனுமதித்த எல்லை வரை ஏறிவிட்டால் ஊதா, எல்லை வரை விழுந்துவிட்டால் வெளிர் நீலம். ஹோ சி மின் சந்தையில் ஒரு பங்கு ஒரு நாளில் 7 சதவீதத்துக்கு மேல் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. அவள் காட்டிய பக்கம் மேலிருந்து கீழ்வரை ஊதா. வலது பக்கம் விற்பவர்கள் கட்டம் எல்லாம் காலி, வாங்க மட்டும் வரிசை நிற்கிறது. 'ஆன், இன்னிக்கு ஊதா, நேத்தும் ஊதா' என்றாள். எனக்கு வாயில் எச்சில் ஊறியது உண்மை.

நேரடியாகப் பங்கு வாங்காமல் ஏன் ஃபண்ட் என்றால், வெளிநாட்டுக்காரனுக்கு இங்கே 'ரூம்' என்று ஒரு தொல்லை இருக்கிறது. பேங்குப் பங்குகளில் பொதுவாக வெளிநாட்டவர் மொத்தமாக 30 சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கக்கூடாது, மற்ற பல துறைகளில் 49. எஃப்பிடி (மென்பொருள் கம்பெனி), மொபைல் வேர்ல்ட் (போன் கடைகள்), ஏசிபி (பேங்க்) மாதிரி எல்லாருக்கும் பிடித்த பங்குகளில் அந்த ரூம் 2021-ல் நிறைந்திருந்தது; வேறொரு வெளிநாட்டுக்காரன் விற்றால்தான் நமக்குக் கிடைக்கும் என்ற நிலை, அதுவும் சந்தை விலைக்கு மேல் கூடுதலாகக் கொடுத்து. ஆனால் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள் பணம் போட்ட ஃபண்ட் உள்ளூர்க் கணக்கில் சேர்ந்துவிடும். அதற்கு இந்த வரம்பு இல்லை. ஆக, ஃபண்டுக்குள் நுழைந்தால் பூட்டிய வீட்டுக்குக் கொல்லைப்புறமாகப் போகிற மாதிரி. இன்று வரைக்கும் இந்த ஒரு காரணத்துக்காக நான் ஃபண்டைப் பாராட்டுவேன்.

கணக்கு திறப்பது மட்டும் சுலபமில்லை. உள்ளூர்க்காரர்கள் அடையாள அட்டையை மொபைலில் காட்டி அஞ்சு நிமிஷத்தில் திறந்துவிடுகிறார்கள். நமக்குப் பாஸ்போர்ட் நகலில் நோட்டரி முத்திரை, வேலை அனுமதி, முதலீட்டுக்கென்று பேங்கில் தனியாக ஒரு டாங் (வியட்நாம் நாணயம்) கணக்கு, அதற்கு மேல் பங்கு வர்த்தகக் குறியீட்டு எண் என்று ஒன்று. மூன்று வாரம் அலைந்தேன். அந்த மூன்று வாரமும் சந்தை ஏறிக்கொண்டே இருந்ததால் ஒவ்வொரு நாளும் பணத்தைத் தொலைத்துக்கொண்டிருக்கிற மாதிரி ஒரு பதற்றம். பூம் என்றால் இதுதான் போலிருக்கிறது, நம்மிடம் இல்லாத பணத்தை நாம் இழந்துகொண்டிருப்போம்.

நவம்பர் கடைசி வாரம் எண் வந்தது. 20 கோடி டாங் போட்டேன். பயப்படாதீர்கள், அன்றைய விலையில் ஆறரை லட்சம் ரூபாய் சுமார். அதே வாரம்தான் இன்டெக்ஸ் சரித்திரத்திலேயே முதல்முறையாக 1,500-க்கு மேல் முடிந்தது. ஃபண்ட் கம்பெனியிலிருந்து என்னைக் கவனித்துக்கொண்ட இளைஞர் வாழ்த்து அனுப்பினார், பட்டாசுப் படத்தோடு. அந்த நாட்களில் அவர் வாரம் தவறாமல் கூப்பிடுவார்.

2022 ஜனவரி 6-ல் இன்டெக்ஸ் 1,528. அங்கேயிருந்து சறுக்கல் தொடங்கியது. எஃப்எல்சி என்ற ரியல் எஸ்டேட் குழுமத்தின் தலைவர் தன் பங்குகளில் 7 கோடிக்கு மேல் முன்கூட்டி அறிவிக்காமல் விற்றார், மார்ச்சில் கைது. அப்புறம் கார்ப்பரேட் பாண்ட், அதாவது கம்பெனிகள் பொதுமக்களிடம் கடன் வாங்கிய பத்திர விவகாரங்கள். அக்டோபரில் வான் தின் ஃபாட் என்ற ரியல் எஸ்டேட் குழுமத்தில் கைதுகள், அதைத் தொடர்ந்து அதோடு தொடர்புள்ள எஸ்சிபி பேங்க் வாசலில் டெபாசிட்டை எடுக்க வரிசை. எங்கள் ஆபீசிலிருந்தே இரண்டு பேர் லீவு போட்டுவிட்டுப் போய் நின்றார்கள். நவம்பர் நடுவில் இன்டெக்ஸ் 911-க்கு வந்து முடிந்தது. என் 20 கோடி, 12 கோடியே 40 லட்சம் ஆகியிருந்தது. நான் உள்ளே போய் சரியாக ஒரு வருடம். வாரம் தவறாமல் கூப்பிட்ட இளைஞரை அதற்குள் காணவில்லை, எண்ணை அழைத்தால் வேறு யாரோ எடுத்து 'அவர் இப்போது வேறு பிரிவில் இருக்கிறார்' என்றார்கள்.

இதில் ஃபண்டைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சந்தை 39 சதவீதம் விழுந்தபோது அது 38 விழுந்தது, சந்தையோடு சேர்ந்துதான் விழுந்தது. ஆனால் ஒரு கேள்வி உறுத்தியது: பூமில் நுழையும்போது 'எங்கள் மேலாளர்கள் இறக்கத்தில் பணமாக வைத்துக் காப்பாற்றுவார்கள்' என்று சொன்னார்களே, அந்தக் காப்பாற்றல் எங்கே? அறிக்கையைத் தோண்டினால், விழத் தொடங்கிய மாதம் கையிருப்புப் பணம் வெறும் 4 சதவீதம். அடிமட்டத்துக்குப் பக்கத்தில் 15. தலைகீழாக இருக்கிறது இல்லையா. அதற்கு வருடத்துக்கு 2 சதவீதம் நிர்வாகக் கட்டணம் வேறு, ஏறினாலும் இறங்கினாலும் வெட்டிக்கொள்வார்கள்.

இங்கே ஒரு சின்ன விலகல். தோன் தாட் தியெப் தெருவில் நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயில் இன்னும் இருக்கிறது. அங்கிருந்து பங்குச்சந்தைக் கட்டடம் நடந்தே போய்விடுகிற தூரம். அந்த வருடம் ஒரு நாள் கோயிலில் உட்கார்ந்திருக்கும்போதுதான் தோன்றியது, ஒரு காலத்தில் நம் ஆட்கள் இந்த ஊருக்கே வட்டிக்குக் கொடுத்துச் சம்பாதித்தார்கள், நான் வந்து இந்த ஊர்க்காரர்களுக்கு 2 சதவீதம் அழுதுகொண்டிருக்கிறேன். முருகன் சிரித்திருப்பார்.

விற்றுவிடலாம் என்றுதான் நினைத்தேன். பேங்குகள் அப்போது ஒரு வருட டெபாசிட்டுக்கு 9 சதவீதத்துக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தன, பேசாமல் அதில் போட்டிருக்கலாம் என்று மனைவி சொன்னது தப்பே இல்லை. தடுத்தது எங்கள் கிடங்கின் மேலாளர், அறுபதை நெருங்கியவர். 2007-ல் இதே மாதிரி ஊதாப் பலகையைப் பார்த்துவிட்டு உள்ளே போனவர். வியட்நாம் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்த வருடம் அது, மார்ச் 12-ல் இன்டெக்ஸ் 1,170. இரண்டே வருடத்தில், 2009 பிப்ரவரியில், 235. நடுவில் 2008 மார்ச்சில் சரிவை நிறுத்துவதற்காக ஒரு நாள் எல்லையை வெறும் 1 சதவீதமாகச் சுருக்கினார்களாம், அதற்கப்புறமும் அந்த வருடம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விழுந்த நாட்கள் உண்டு, விற்கலாம் என்றால் வாங்க ஆளில்லை. 'பல்லைப் பிடுங்கறதுக்குப் பதிலா தினமும் கொஞ்சம் ஆட்டி விட்ட மாதிரி' என்றார். 1,170-ஐ மறுபடி பார்க்க 2018 வரை ஆனது. பதினோரு வருடம். 'கரைக்கு வந்தாச்சா?' என்று கேட்டேன். விழுந்த பங்கு வாங்கிய விலைக்கே மீள்வதை இங்கே 'வே போ' என்பார்கள், கரைக்குத் திரும்புதல் என்றே அர்த்தம், நம் கரை சேர்தல்தான். 'கரையைக் கண்டதும் குதிச்சுட்டேன், அதுக்கப்புறம் படகு ரொம்ப தூரம் போச்சு' என்றார். பழைய பணத்தைத் தொடாதே, முடிந்தால் மாதாமாதம் கொஞ்சம் போடு என்றார்.

2023 ஜனவரியிலிருந்து மாதம் 50 லட்சம் டாங். பேங்கிலிருந்து 10-ஆம் தேதி தானாகப் போய்விடும்.

இப்போது கணக்கைச் சொல்கிறேன். 2021-ல் மொத்தமாகப் போட்ட 20 கோடி, 2025 டிசம்பர் முடிவில் ஏறத்தாழ 22 கோடியே 60 லட்சம். நான்கு வருடத்துக்கு 13 சதவீதம், பேங்கில் சும்மா வைத்திருந்தால் 25 கோடி ஆகியிருக்கும். மாதத் தவணையில் மூன்று வருடத்தில் போட்டது 18 கோடி, அது 23 கோடிக்குக் கொஞ்சம் கீழே நிற்கிறது. பின்னால் வந்த சின்னப் பணம் முன்னால் போன பெரிய பணத்தைத் தாண்டிவிட்டது, ஃபண்ட் ஒன்றுதான், மேலாளர் ஒருவர்தான், கட்டணமும் ஒன்றுதான். நான்கு வருடத்தில் டாலர் 22,800 டாங்கிலிருந்து 26,300 பக்கம் போய்விட்டது என்பதால் டாலரில் கணக்குப் பார்க்கிறவர்களுக்கு அந்த 13 சதவீதமும் கரைந்துபோகும். ரூபாயில் பார்த்தால் அவ்வளவு தெரியாது, நம் ரூபாயும் அதே சறுக்குமரத்தில்தான் வந்தது.

சரி, 2025-க்கு வருவோம். ஏன் 40-க்கு 13?

விஎன் இன்டெக்ஸ் கம்பெனியின் மொத்தப் பங்கு எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடுகிற குறியீடு. சந்தையில் கைமாறுகிற பங்கு எவ்வளவு என்று பார்ப்பதில்லை. அதனால் மிகப் பெரிய கம்பெனி ஒன்று ஏறினால் குறியீடே ஏறிவிடும். 2025-ல் அந்தக் கம்பெனி விங்குரூப், வீட்டிலிருந்து மின்சாரக் கார் வரை பல தொழில் செய்கிற குழுமம். அதன் பங்கு ஒரே வருடத்தில் பல மடங்கு ஆனது, கூடவே அதே குழுமத்தின் கம்பெனிகள்: வீடு கட்டுகிற வின்ஹோம்ஸ், மால் நடத்துகிற வின்காம் ரீடெயில், மே மாதம் புதிதாகச் சந்தைப் பட்டியலில் வந்த, ரிசார்ட் நடத்துகிற வின்பேர்ல். வேறு துறைகளும் ஏறின, இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் பல நாட்கள் இன்டெக்ஸ் 15 புள்ளி ஏறியிருக்கும், பலகையில் ஏறியதைவிட இறங்கியதே அதிகமாக இருக்கும். இதற்கும் பெயர் வைத்திருக்கிறார்கள்: 'ஸான் வோ, தோ லோங்'. தோல் பச்சை, உள்ளே சிவப்பு. தர்பூசணி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் ஃபண்ட் விங்குரூப்பைக் கிட்டத்தட்ட தொடவே இல்லை. கடன், மின்சாரக் கார் நஷ்டம், மதிப்பீடு என்று காரணம் எழுதியிருந்தார்கள், படித்தால் நியாயமாகத்தான் தெரிகிறது. பதிலுக்கு அவர்கள் நிறைய வைத்திருந்தது எஃப்பிடி. 2024-ல் அது ஏறிய ஏற்றத்தில் ஃபண்டே மிதந்தது, 2025-ல் அதே எஃப்பிடி இறங்கி ஃபண்டைக் கீழே இழுத்தது. பேங்குப் பங்குகள் இல்லையென்றால் 13-கூட வந்திருக்காது. ஒரு மேலாளர் தனக்குப் புரியாததை வாங்காமல் இருந்ததற்காக அவரைத் திட்டலாமா? எனக்கு இதில் இன்னும் இரண்டு மனசு. ஆனால் ஒன்றைத் திட்டலாம். 2024-ல் இன்டெக்ஸைத் தாண்டியபோது அறிக்கையின் முதல் பக்கத்தில் இன்டெக்ஸோடு ஒப்பிட்டுப் பெரிய படம் போட்டார்கள். 2025-ல் அந்தப் படம் நாலாம் பக்கத்துக்குப் போய்விட்டது, முதல் பக்கத்தில் 'ஃபண்ட் தொடங்கியதிலிருந்து' என்று ஒரு எண் வந்து உட்கார்ந்திருக்கிறது.

இந்தியாவிலிருந்து யாராவது 'இன்டெக்ஸ் ஃபண்டே போட்டுவிடலாமே' என்று கேட்டால், இங்கே அதிகம் ஓடுகிற ஈடிஎஃப்கள் (ஒரு குறியீட்டைப் பின்பற்றி, பங்கு மாதிரியே சந்தையில் கைமாறுகிற ஃபண்டுகள்) விஎன் இன்டெக்ஸைப் பின்பற்றுவதில்லை என்பதை முதலில் பாருங்கள். முப்பது பெரிய பங்குகளின் குறியீடான விஎன் 30-ஐப் பின்பற்றும், அதில் ஒவ்வொரு பங்குக்கும் உச்சவரம்பு உண்டு. அல்லது 'டைமண்ட்', அது ரூம் நிறைந்த அல்லது நிறைவதற்குப் பக்கத்தில் இருக்கிற பங்குகளின் கூட்டம். டிவியில் சொல்கிற எண் வேறு, உங்களுக்கு வரப்போகிற எண் வேறு.

ஏற்ற வருடம் என்பதால் மென்மையாகப் போனது என்றும் நினைக்க வேண்டாம். ஏப்ரல் 3 காலையில் வியட்நாம் சரக்குகள் மீது அமெரிக்காவின் 46 சதவீத வரி அறிவிப்போடு கண் விழித்தோம், அன்றைக்கு இன்டெக்ஸ் 6.7 சதவீதம் விழுந்தது, ஒரு பங்குக்கே எல்லை 7 என்றால் கிட்டத்தட்ட எல்லாமே வெளிர் நீலம் என்று அர்த்தம். 9-ஆம் தேதி 1,100-க்கும் கீழே. சந்தை இங்கே 11.30-லிருந்து 1 மணி வரை சாப்பாட்டுக்கு மூடும். எங்கள் ஆபீசில் 12 மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு மேஜைக்கு அடியில் மடக்குக் கட்டிலை விரித்துத் தூங்குவது வழக்கம். அந்த வாரம் இருட்டில் அத்தனை பேர் முகத்திலும் மொபைல் வெளிச்சம். யாரும் தூங்கவில்லை. 10-ஆம் தேதி வரியைத் தள்ளிவைத்த செய்தி வந்து மொத்தப் பலகையும் ஊதா, வாங்கலாம் என்றால் விற்க ஒருத்தர் இல்லை. என் மாதத் தவணை தேதியும் 10. ஒரு நாள் முன்னால் இருந்திருந்தால் என்று யோசித்து ஒரு வாரம் வயிறெரிந்தேன். அக்டோபர் 20-ல் ஒரே நாளில் 95 புள்ளி போனது, புள்ளிக் கணக்கில் அதுவரை அத்தனை பெரிய வீழ்ச்சி இருந்ததில்லை. கணக்குப் பிரிவுப் பெண் அன்றைக்கு மட்டும் என்னிடம் மொபைலைக் காட்டவில்லை.

பணத்தை வெளியே எடுப்பதைப் பற்றிக் கொஞ்சம். 2024 ஜூனில் சோதனைக்காக 50 லட்சம் டாங் மதிப்புக்கு விற்றுப் பார்த்தேன். அஞ்சு வேலை நாளில் பணம் வந்துவிட்டது, ஒரு பைசா குளறுபடி இல்லை, இந்த விஷயத்தில் நூற்றுக்கு நூறு. ஆனால் முதலில் வாங்கிய யூனிட்தான் முதலில் விற்கப்படும் என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது. நான் லாபத்தில் இருந்த தவணை யூனிட்டை எடுப்பதாக நினைத்தேன், போனது 2021-ல் உச்சத்தில் வாங்கியது. நஷ்டத்தில் விற்றாலும் விற்ற தொகையில் 0.1 சதவீதம் வரி பிடித்துக்கொள்வார்கள், அது சட்டம், ஃபண்டின் தப்பில்லை. முதல் வருடத்துக்குள் எடுத்தால் 2 சதவீதம் வெளியேறும் கட்டணம், இரண்டு வருடம் தாண்டினால் ஒன்றுமில்லை. ஆப் மூன்று தடவை மாறிவிட்டது, ஒவ்வொரு தடவையும் ஆங்கிலப் பக்கம் கடைசியாகத்தான் வரும். உதவி எண்ணில் ஆங்கிலம் பேசுகிறவர் கிடைப்பது அதிர்ஷ்டம், கணக்குப் பிரிவுப் பெண் இல்லாவிட்டால் பாதி வேலை நடந்திருக்காது.

இப்போது எல்லாரும் பேசுவது தர உயர்வைப் பற்றி. 2025 அக்டோபரில் எஃப்டிஎஸ்இ ரஸ்ஸல் என்ற குறியீட்டு நிறுவனம் வியட்நாமை ஃபிரான்டியர் (இன்னும் சின்ன, ஆரம்ப நிலைச் சந்தைகள்) பட்டியலிலிருந்து வளரும் சந்தைகள் பட்டியலுக்கு மாற்றுவதாக அறிவித்தது, 2026 செப்டம்பரில் நடைமுறைக்கு வரும், நடுவில் மார்ச்சில் ஒரு ஆய்வு இருக்கும் என்றும் சொன்னது. வெளிநாட்டு நிறுவனங்கள் முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டினால்தான் வாங்கலாம் என்ற விதியை 2024 நவம்பரில் எடுத்ததும் இதற்கு ஒரு காரணம். இன்னொரு குறியீட்டு நிறுவனமான எம்எஸ்சிஐ 2025 முடிவில் ஃபிரான்டியரில்தான் வைத்திருந்தது. 'வெளிநாட்டுப் பணம் கொட்டப்போகிறது' என்று ஃபண்ட் கம்பெனியிலிருந்து மறுபடி அழைப்புகள் வருகின்றன, புது ஆள், அதே பட்டாசுப் படம். அவரிடம் கேட்டேன், 2024, 2025 இரண்டு வருடமும் வெளிநாட்டுக்காரர்கள் வாங்கியதைவிட விற்றதுதானே அதிகம், அப்புறம் யார் ஏற்றினார்கள் என்று. 'உள்ளூர் மக்கள்தான் சார்' என்றார். சரிதான், கணக்கு எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டிவிட்டது.

என் மதிப்பெண் அஞ்சுக்கு மூணு. ரூம் பூட்டைத் தாண்டி உள்ளே விடுவதற்கு ஒன்று, பணத்தை ஒழுங்காகத் திருப்பித் தருவதற்கு ஒன்று, விங்குரூப் விஷயத்தில் கூட்டத்தோடு ஓடாமல் நின்றதற்கு அரை, கிடங்கு மேலாளருக்கு அரை. அவர் ஃபண்ட் ஆள் இல்லை என்றாலும் அந்த அரையை வேறு யாருக்குக் கொடுப்பது. இங்கே சம்பளம் டாங்கில் வாங்கி, டாங்கிலேயே செலவழித்து, அஞ்சு வருடமாவது இருக்கப்போகிறவர் மாதத் தவணையாகப் போடலாம். 2025-ன் 40 சதவீதத்தைப் பார்த்துவிட்டு ஊரிலிருந்து மொத்தமாக அனுப்ப நினைப்பவருக்கு என் நவம்பர் 2021 ரசீதை அனுப்பிவைக்கிறேன். என் அத்தை மகனுக்கு அனுப்பினேன், 'மச்சான் உனக்கு ராசி இல்லை' என்று பதில் வந்தது.

இன்னொன்று, மறந்தே போனேன். டிசம்பர் மாத அறிக்கை ஆங்கிலத்தில் எட்டுப் பக்கம், வியட்நாமிய மொழியில் பன்னிரண்டு. அந்த மிச்ச நாலு பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டு மெயில் போட்டிருக்கிறேன். 'கவனத்தில் எடுத்துக்கொண்டோம்' என்று ஒரு வரி வந்தது. வேறு பதில் வந்தால் இங்கேயே சேர்க்கிறேன்.